துரைக்கு நகம் வெட்டிய நாள்

– அப்போ சாணி அள்ளறதுக்காக ஒரு ராத்திரி முழுக்க ரயில்ல போகணும்ங்கிறே.

– சாணி மட்டும் இல்லைப்பா. சினை மாட்டுக்குள்ள தோள் வரைக்கும் கையை விட்டுக் கன்னு எப்படிக் கிடக்குன்னு தடவிப் பாக்கவும் சொல்லித் தருவாங்க.

– சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா இது?

– நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன்.

– டாக்டரே, டாக்டரே! பன்னெண்டாவது முடிச்ச ஈரம் காயலை, அதுக்குள்ள பேச்சைப் பாரு. பஸ்ஸுல ஏறி சீட்டு வாங்கறதுக்குள்ள இறங்கற தூரத்துல ஒரு காலேஜ் இருக்கு. கட்டடம் எல்லாம் புதுசு. அதுக்கு ஜன்னல் கண்ணாடி போட்டதே நம்ம கடைதான். அது ஆகாதா உனக்கு?

– கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கம்தான் ஒண்ணும் இல்லை. போய்ப் பாத்துட்டுத்தானே வந்தேன். மாட்டுக் கொட்டகைன்னு கூட்டிட்டுப் போனாங்க. உள்ள ஒரே ஒரு மாடு. வகுப்பு மொத்தமும் அதைச் சுத்தி நின்னு எட்டிப் பாக்குது. மாடு வெக்கப்பட்டு செவுத்துப் பக்கமா திரும்பிக்கிச்சு.

– ஒரு மாட்டைப் பாத்தா போதாதா? எல்லாத்துக்கும் காலு நாலுதானே.

– ஒரு ஜன்னலுக்கு அளவு எடுத்துட்டு ஊர்ல உள்ள எல்லா ஜன்னலுக்கும் கண்ணாடி வெட்டிடுவீங்களா?

– வாய் நீளுது. அளவா பேசு. நடுவுல ஒண்ணு இருந்துச்சே, பால் பண்ணைக்காரர் நடத்தறது. அது என்ன ஆச்சு?

– அதை ரெண்டாவதா போட்டிருக்கேன். அங்க வாத்தியாருங்களை விட பஸ்ஸு ஜாஸ்தி. மாணவர்களைப் பண்ணைக்குப் பால் கறக்க அனுப்பிட்டு, அதைப் பயிற்சின்னு எழுதிக்கறாங்களாம். முதல் விருப்பம் தூரத்துல இருக்கறதுதான். பழைய காலேஜ், சுவரெல்லாம் காரை பேந்து கிடக்கு. ஆனா பெரிய மிருகங்களுக்குன்னே ஆஸ்பத்திரி வச்சிருக்காங்க. குதிரையை நிக்க வச்சே ஆபரேஷன் பண்றதுக்கு ஒரு கூண்டு இருக்கு. எருமை வருது, கழுதை வருது. பசங்க ரொட்டித் துண்டைக் கடிச்சுக்கிட்டே ஓடறாங்க.

– கழுதைக்கு வைத்தியம் பாக்க என் பொண்ணு. நல்லா இருக்கு. கடையில கேட்டா மார்தட்டிச் சொல்லிக்கலாம்.

– போனை எடுங்கப்பா. ஓ.டி.பி. நம்பர் வந்திருக்கும். அதைப் போட்டாத்தான் விருப்ப வரிசையைப் பூட்ட முடியும்.

– வந்திருக்கு. வந்து உக்காந்திருக்கு என் பாக்கெட்டுல. நான் வாசிச்சாத்தானே உனக்கு?

– இன்னைக்கே மூடிடுவாங்கப்பா. பூட்டலைன்னா அவங்களாப் பாத்து எங்க வேணா தள்ளி விட்டுடுவாங்க.

– பக்கத்துக் காலேஜை முதல்ல போடு, இப்பவே வாசிக்கிறேன். முகத்தை அப்படி வச்சுக்காதே. வர்ற வழியில துரைக்கு முட்டை வாங்கிட்டு வந்தேன். எடுத்து வேக வை.

– வேண்டாம்ப்பா.

– ஏன் வேண்டாம்? மயக்கம் தெளிஞ்சா அகோரப் பசி பசிக்கும் அவருக்கு. போன தடவை என் தட்டுலயே வாயை வச்சாரு.

– இந்தத் தடவை பசிக்காது.

– பெரிய டாக்டர், சொல்லிட்டா. தள்ளு, நானே அடுப்புல வைக்கிறேன். ஆமா, துரை எங்க? வந்ததுல இருந்து உன் ரூம் வாசல்ல சத்தமே இல்லையே.

– டாக்டரம்மா கிட்டதான் இருக்கான்.

– இன்னுமா? காலைல கூட்டிட்டுப் போனே.

– இன்னும் எந்திரிக்கலை.

– ஒரு நாய்க்கு நகம் வெட்டறதுக்கு இவ்வளவு மருந்தா? அந்தம்மா கைக்கு அளவே கிடையாது. மத்தியானம் எனக்குப் போன் வேற. மெஷின்ல கண்ணாடிக்கு விளிம்பு தேய்ச்சுக்கிட்டு இருக்கேன், காது ரெண்டும் அடைச்சுக் கிடக்கு, பக்கத்துல ஒருத்தர் அலமாரிக் கதவுக்கு அளவு சொல்லிக்கிட்டு நிக்கறாரு. 'சார், பொண்ணு துரையைக் கூட்டிட்டு வந்திருக்கா, தூங்க வச்சிடலாமா'ங்கறாங்க. முன்ன ஒரு தடவை மயக்கம் கொடுக்காம நகத்துல கையை வைக்கப் போய், கம்பவுண்டர் விரலை துரை ஒரு பிடி பிடிச்சாரே, அது மறந்துபோச்சு போல. தாராளமா வைங்கம்மா, இதுக்கெல்லாம் போன் பண்ணிக் கேக்கணுமான்னேன். திரும்ப ஏதோ கேட்டாங்க, ஆக வேண்டியதைப் பாருங்கன்னு வச்சுட்டேன்.

– கம்பவுண்டர் விரல்ல இன்னும் தழும்பு இருக்கு.

– இருக்கட்டும், துரை கொடுத்த மோதிரம். சரி, அவரை எப்போ கொண்டு வந்து விடுவாங்க?

– முதல்ல இதைப் பேசி முடிக்கலாம்ப்பா.

– என்ன பேச? உன்னை நேர்ல கூப்பிட்டுக் கேப்பாங்களாமே, எதுக்கு இந்தப் படிப்புன்னு. என்ன சொல்லுவே? நாயைப் பிடிக்கும், பூனையைப் பிடிக்கும், அணிலைப் பிடிக்கும், அதானே?

– அப்படிச் சொல்றவங்களைத்தான் முதல்ல வெளிய அனுப்புவாங்களாம். பிடிச்சிருந்தா வீட்டுல வளருங்க, இங்க எதுக்கு வந்தீங்கம்பாங்களாம். டாக்டரம்மா சொன்னாங்க.

– பின்னே?

– வேலையைச் சொல்லணும். லீவு நாள்ல எல்லாம் அவங்க ஆஸ்பத்திரியிலதானே நின்னேன். ஒரு நாயை எப்படிப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியும். கழுத்துக்குக் கீழ ஒரு கை, வயித்துக்குக் கீழ ஒரு கை. இறுக்கினா பயந்துக்கும், விட்டா கடிச்சிடும். நம்ம மூச்சு நிதானமா இருந்தா அதோட மூச்சும் நிதானத்துக்கு வந்துடும். நாயைப் பிடிக்கறது சுலபம்ப்பா. கூட வர்ற வீட்டுக்காரங்களைப் பிடிக்கறதுதான் கஷ்டம்.

– அவங்க என்ன, கடிக்கவா போறாங்க?

– பொய் சொல்லுவாங்க. நேத்துக்கூட நல்லா சாப்பிட்டுச்சு, ஓடுச்சு, விளையாடுச்சும்பாங்க. அது நிக்கவே முடியாம கிடக்கும். அதோட வலி அவங்களுக்குத் தெரியாமல்லாம் இல்லை. போயிட்டா வீடு வெறிச்சுன்னு ஆயிடுமேன்னு இழுத்துப் பிடிச்சு வச்சுக்குவாங்க. அவங்க கிட்டப் போய் கொல்லலாமான்னு கேக்க முடியுமா? அதுக்குன்னு மெத்துன்னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க டாக்டரம்மா.

– வார்த்தையில என்ன இருக்கு? ஊசி ஊசிதான்.

– நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நினைச்சேன்.

– சுத்தி வளைச்சு எங்க வர்றேன்னு எனக்குத் தெரியும். துரை கால்ல வந்து நிப்பே.

– அந்தக் காலாலதான் அவனால நிக்க முடியலையே. எலும்புக்குள்ள கட்டி, அது உள்ளயே எலும்பை அரிச்சுக்கிட்டு இருக்கு. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு உங்களுக்குக் காட்டினாங்க. இனிமே மாத்திரை எடுபடாது, முடிச்சு வச்சிடறதுதான் அவனுக்கு நல்லதுன்னு உங்க முகத்தைப் பாத்துச் சொன்னாங்க.

– யோசிச்சு சொல்றேன்னு நானும் அவங்க முகத்தைப் பாத்துத்தானே சொன்னேன்.

– யோசிச்சீங்களா?

– அதுல யோசிக்க என்ன இருக்கு? என் துரை, என் வீடு. அவரு எப்போ போகணும்னு அந்தம்மா யாரு சொல்ல?

– ராத்திரி அவன் கத்தறது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?

– கேக்குது. உனக்கும் கேக்கணும்னுதான் அவரு படுக்கையை உன் ரூம் வாசல்ல போட்டேன்.

– நீங்களா போட்டீங்க?

– என்ன முழிக்கிறே? ஆமா, நான்தான் இழுத்துப் போட்டேன். முன்னெல்லாம் என் கட்டிலுக்குக் கீழதான் படுப்பாரு. காலேஜ், ரயில்னு நீ ஆரம்பிச்ச அன்னைக்கு மாத்தினேன். அவரை அப்படியே விட்டுட்டுப் போக உனக்கு மனசு வராதுன்னு தெரியும். நீ என்ன, கல்லா? அவரு பக்கத்துலயே உக்காந்து தடவிக் கொடுப்பே, அழுவே, மாத்திரை கொடுப்பே. கடைசியில பக்கத்துக் காலேஜே போதும்ப்பான்னு வந்து நிப்பே. எனக்குத் தெரியாதா என் பொண்ணை?

– அவனுக்கு வலிக்கும்ப்பா.

– வலி யாருக்குத்தான் இல்லை? உனக்கு அந்த ஊர்ல அப்படி என்ன வச்சிருக்கு? நிஜத்தைச் சொல்லு. மாட்டுக்காகப் போறியா, உங்கம்மாவுக்காகப் போறியா? அவளும் அந்தப் பக்கம்தானே இருக்கா?

– அம்மா இருக்கற ஊரு அதையும் தாண்டி எங்கயோ இருக்கு. திசை ஒண்ணு, அவ்வளவுதான்.

– ஓடிப் போறவங்க எல்லாம் ஒரே திசையிலதான் ஓடுவாங்க போல.

– அம்மா ஓடிப் போகலை. பட்டப்பகல்ல, பெட்டியைத் தூக்கிக்கிட்டு, உங்க கண்ணு முன்னாடிதான் போனாங்க. நீங்க என்னைத் தூக்கிட்டு வந்து வாசப்படியில நிறுத்தினீங்க. இவளைத் தாண்டிப் போ பாக்கலாம்னீங்க.

– தாண்டிட்டாளே! பெத்தவ. ஒரு நிமிஷம் நின்னா, உன் தலைமுடியை ஒதுக்கி விட்டா, தாண்டிட்டா.

– தாண்டிட்டாங்க. எனக்கு இன்னும் அந்தச் செருப்புச் சத்தம் ஞாபகம் இருக்கு. அன்னைக்கு அவங்களை நிறுத்த என்னை வாசல்ல வச்சீங்க. இன்னைக்கு என்னை நிறுத்த துரையை வச்சிருக்கீங்க.

– வேற என்ன இருக்கு என்கிட்ட வைக்க? சொல்லு. நீயும் போயிட்டா இந்த வீட்டுல எனக்கு யாரு இருக்கா? கடையைப் பூட்டிட்டு வந்தா கதவைத் திறக்க ஆள் வேண்டாமா? கை கால் அறுபட்டா பாத்துக் கட்டுப் போட ஆள் வேண்டாமா? உங்கம்மா ஒண்ணும் எடுத்துட்டுப் போகலை. உன்னையும், அந்தக் கைக்குட்டை அளவு நாய்க்குட்டியையும் விட்டுட்டுப் போனா. அந்த ரெண்டையும் வளத்தவன் நான்.

– வளத்தீங்க. நான் இல்லைங்கலை.

– அப்போ இரு. இங்கயே இருந்து படி.

– நான் போறேன்ப்பா. உங்களைப் பிடிக்காம போகலை. அங்க இருக்கற வேலை எனக்கு வேணும். பக்கத்துக் காலேஜ்ல படிச்சா வாழ்நாள் பூரா நாய்க்குக் காது கழுவி, பூனைக்கு நகம் வெட்டிக்கிட்டு இருப்பேன். அதுவும் வேலைதான். ஆனா எனக்கு அது போதாது.

– நீ போனா துரைக்கு மாத்திரை கொடுக்க மாட்டேன். சொல்லிட்டேன். ஒண்ணு கூட கொடுக்க மாட்டேன். அவரு கத்தக் கத்த போனை அவரு வாய்ப்பக்கம் பிடிச்சு உனக்குக் கேக்க வைப்பேன். அங்க எருமைக்குள்ள கையை விட்டுக்கிட்டே கேளு.

– செய்வீங்க.

– செய்வேன்.

– தெரியும்ப்பா. அதனாலதான் கேக்கறேன். நான் எப்போ போகலாம்? அளவு அளவுன்னு சொல்லுவீங்களே, அதுக்கும் ஒரு அளவு சொல்லுங்க.

– சொல்றேன், குறிச்சுக்கோ. துரை மூச்சு விடற வரைக்கும் நீ இந்த ஊரைத் தாண்டக் கூடாது.

– அதுக்கு அப்புறம்?

– அதுக்கு அப்புறம் எந்தக் கழுதைகிட்ட வேணா போ. நம்பரை நானே வாசிக்கிறேன்.

– நிஜமாவா?

– கண்ணாடிக்காரன் பேச்சு. கீறல் போட்டுட்டா அப்புறம் அழிக்க முடியாது. துரை இருக்கற வரைக்கும் நீ இங்க. அவரு இல்லைன்னா நீ உன் இஷ்டம்.

– மாத்திப் பேச மாட்டீங்களே?

– மாட்டேன். அவரு இன்னும் நாலு வருஷம் இருப்பாரு, பாத்துக்கிட்டே இரு.

– அப்போ வாசிங்கப்பா.

– என்னத்தை?

– நம்பரை. அடுப்பை அணைச்சுடுங்க. முட்டை உடைஞ்சு வழியுது.

– துரை எங்கடி?

– சொன்னேனே. டாக்டரம்மா கிட்டதான் இருக்கான்.

– எங்க இருக்காருன்னு கேட்டேன்!

– ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி, செடி வச்சிருக்கற இடத்துல. நானும் கம்பவுண்டரும்தான் தோண்டினோம். அவன் போத்திக்கற பச்சைத் துணியை எடுத்துட்டுப் போயிருந்தேன், அதுலயே சுத்தினேன்.

– விளையாடாதே.

– விளையாடலைப்பா. என் நகத்துல பாருங்க, இன்னும் மண்ணு போகலை.

– நீ... நீ நகம் வெட்டத்தானே கூட்டிட்டுப் போனே?

– துரையை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னுதான் காலைல சொன்னேன். நகத்தைக் கொஞ்சம் ஒட்ட வெட்டச் சொல்லுன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் சரின்னேன்.

– கொலைகாரி! வாய் பேசாத ஜீவனை... என் கூட சாப்பிட்ட ஜீவனை... யாரைக் கேட்டுடி செஞ்சே? நான் அந்தம்மாவை சும்மா விட மாட்டேன். நாய் என்னுது. என் வார்த்தை இல்லாம ஊசியைத் தொடக் கூடாது. கோர்ட்டுக்கு இழுக்கறேன் பாரு, அந்த ஆஸ்பத்திரியை இழுத்து மூட வைக்கறேனா இல்லையா பாரு!

– உங்க வார்த்தை இல்லாம தொட மாட்டாங்கப்பா. நான் கெஞ்சிக் கேட்டும் முடியாதுன்னுதான் சொன்னாங்க. அப்பா யோசிச்சு சொல்றேன்னு போனவரு, அவரே சொல்லட்டும்னாங்க.

– அதைத்தான் நானும் சொல்றேன்! நான் சொல்லவே இல்லையே!

– அதுக்குத்தான் மத்தியானம் உங்களுக்குப் போன் பண்ணாங்க.

– அது... அது மயக்க ஊசிக்கு. நகம் வெட்டறதுக்கு.

– நகம்ங்கற வார்த்தையை அவங்க சொன்னாங்களா?

– தூங்க... தூங்க வைக்கலாமான்னு...

– அதுதான்ப்பா அந்த வார்த்தை. மயக்கம் கொடுக்கறதுக்கும் அதையேதான் சொல்லுவாங்க, இதுக்கும் அதையேதான் சொல்லுவாங்க. கடைசியா ஒரு தடவை, நல்லா யோசிச்சுட்டீங்களா சார்னு கேட்டாங்க.

– மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. சரியா காதுல விழலை.

– யோசிக்க என்ன இருக்கு, என் பொண்ணு பக்கத்துல இருக்கால்ல, ஆக வேண்டியதைப் பாருங்கன்னீங்க. அவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. உங்கப்பா ரொம்பத் தைரியசாலிம்மான்னாங்க.

– நீ சொல்லியிருக்கலாமே! பக்கத்துலதானே நின்னே! அப்பா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருன்னு ஒரு வார்த்தை...

– சொல்லியிருக்கலாம்.

– தெரிஞ்சே நின்னியா?

– எந்த நேரத்துல நீங்க விளிம்பு தேய்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா. எதிர்ல இருக்கறவங்க பேச்சை முழுசா கேக்க மாட்டீங்கன்னும் தெரியும். அந்த நேரத்துக்குப் பண்ணச் சொன்னது நான்தான்.

– எங்கிருந்துடி வந்துச்சு உனக்கு இந்த மனசு?

– வாசப்படியில நின்னப்ப வந்திருக்கும். நம்பரை வாசிங்கப்பா.

– இப்பவா? இப்பப் போயி நம்பரா?

– கீறல் போட்டுட்டா அழிக்க முடியாதுன்னீங்க.

– எனக்குக் கண்ணு தெரியலை. இந்தா போன். நீயே பாத்துக்கோ.

– வேண்டாம். உங்க வாயாலயே வாசிங்க. எல்லாமே உங்க வாயாலயே நடக்கட்டும்.

– நாலு... ஒண்ணு... ஒண்ணு...

– ம்.

– ஒம்போது. அப்புறம்... ரெண்டா, ஏழா... ஏழு. கடைசி சைபர்.

– பூட்டியாச்சு. கையைத் துடைச்சுக்கோங்கப்பா, வெந்நீர் கொட்டியிருக்கு.

– ஏம்மா...

– சொல்லுங்க.

– போறப்போ... அவருக்கு என் ஞாபகம் வந்திருக்குமா? என்னைத் தேடினாரா?

– போனை ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாங்க. ‘தாராளமா வைங்கம்மா’ன்னு உங்க குரல் கேட்டுச்சு பாருங்க, படுத்த வாக்கிலேயே வாலை ஆட்டினான்.